செய்தித்தாள் மேசையில் ஒரு மாத்திரை அட்டை: கிளை நூலகத்தில் உடல்நல எழுத்தறிவு வளர்க்க முழுமையான வழிகாட்டி

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் காலையில் செய்தித்தாள் மேசையைச் சுற்றி உட்காருகிறவர்கள் பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர்கள். ஒரு நாள் அப்படி உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து என்னிடம் நீட்டினார். "தம்பி, இதுல தேதி எங்க போட்டிருக்கான் பாரு." பார்த்தேன். தேதியே இல்லை. ஒவ்வொரு மாத்திரையாக எடுக்க எடுக்க அவர் அட்டையைக் கத்தரித்துக்கொண்டே வந்திருக்கிறார். காலாவதித் தேதி அச்சான ஓரம் எப்போதோ குப்பைக்குப் போய்விட்டது. இதைக் கேட்டுக்கொண்டிருந்த எதிர் நாற்காலிக்காரர் தன் பையிலிருந்து இன்னொரு அட்டையை எடுத்தார். பத்து நிமிடத்தில் நாளிதழ்களுக்கு மேல் ஐந்தாறு அட்டைகள் கிடந்தன.

வாசகர் வட்டத்தில் நாங்கள் செய்யும் வேலை அந்த மேசையில்தான் தொடங்கியது. தன் உடம்பைப் பற்றிக் கையில் வரும் தாளை, அட்டையை, செய்தியைப் படித்துப் புரிந்துகொண்டு ஒரு முடிவெடுக்கத் தெரிவதைத்தான் உடல்நல எழுத்தறிவு என்கிறார்கள். பட்டம் வாங்கியவர்களும் இதில் தடுமாறுவார்கள். மருந்துச் சீட்டும் பரிசோதனை முடிவும் நம் ஊரில் பெரும்பாலும் ஆங்கிலத்தில் வருகின்றன; அதுவும் சுருக்கெழுத்தில். டாக்டருக்கு வெளியே நீண்ட வரிசை காத்திருக்கிறது, மருந்துக் கடைக்காரருக்குக் கூட்டம். நிதானமாக உட்கார நாற்காலி, மேலே மின்விசிறி, படிக்கத் தெரிந்த நாலு பேர், காசு கேட்காத இடம் என்று பார்த்தால் ஊரில் நூலகம் ஒன்றுதான் மிஞ்சுகிறது.

தமிழ்நாட்டில் இதற்கான கட்டமைப்பு ஏற்கெனவே இருக்கிறது. 1948-ல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டம் சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம். நாம் கட்டும் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்தே வசூலாகிறது. மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதிநேர நூலகம் என்று கிராமம் வரை வேர் விட்டிருக்கிறது. நான் கீழே சொல்வது கிளை நூலகத்தையும் ஊர்ப்புற நூலகத்தையும் மனதில் வைத்து. சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் இருக்கும் வசதிகள் வேறு, அங்கே போகிறவர்களின் தேவையும் வேறு.

முதல் படி: ஒரு வாரம் சும்மா உட்கார்ந்து பாருங்கள்

ஆர்வக்கோளாறில் நாங்கள் செய்த தவறை முதலில் சொல்லிவிடுகிறேன். முதல் கூட்டத்துக்கு பேனர் அடித்தோம், மைக் செட் எடுத்தோம், தனியார் டாக்டர் ஒருவரை அழைத்து வந்தோம். அவர் இதயம் பற்றி முக்கால் மணி நேரம் படம் போட்டுப் பேசினார். நல்ல பேச்சுதான். முடிந்ததும் ஒரு பெரியவர் எழுந்து, "ஐயா, பிரஷர் மாத்திரையை சாப்பாட்டுக்கு முன்னாடி போடணுமா, பின்னாடியா?" என்று கேட்டார். டாக்டர் சிரித்துவிட்டு, "உங்க டாக்டரைக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குக் கிளம்பிவிட்டார். கேட்டவர் அடுத்த கூட்டத்துக்கு வரவில்லை.

அதனால் எதையும் தொடங்குவதற்கு முன் ஒரு நோட்டில் குறியுங்கள்: யார் எந்த நேரத்தில் வருகிறார்கள், எந்தப் பக்கத்தைப் படிக்கிறார்கள், எதைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள். எங்கள் நோட்டில் ஒரு வாரத்தில் சேர்ந்தவை: சர்க்கரை, மூட்டு வலி, காப்பீட்டு அட்டை, கண்புரை அறுவை சிகிச்சை, பேரனுக்குக் காய்ச்சல். இதய அறுவை சிகிச்சையை ஒருவரும் கேட்கவில்லை.

இன்னொன்றும் தெரிந்தது. அந்த வாரத்தில் வந்த பெண்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். வீட்டில் மருந்து எடுத்துக் கொடுப்பது, பிள்ளைக்கு ஊசி போட அழைத்துப் போவது எல்லாம் அவர்கள்தான். அதற்கான வழியைப் பிறகு சொல்கிறேன்.

இரண்டாம் படி: நூலகரோடு பேசி, அனுமதியை எழுத்தில் வாங்குங்கள்

நூலகருக்குத் தனியே வேலை ஏற்றிவிடாதீர்கள். பல ஊர்ப்புற நூலகங்களில் திறப்பது, பெருக்குவது, பதிவேடு எழுதுவது எல்லாம் ஒரே ஆள். வாசகர் வட்டம் பொறுப்பெடுத்துக்கொள்கிறது, இடம் மட்டும் போதும் என்று சொல்லுங்கள். மாவட்ட நூலக அலுவலருக்கு நூலகர் வழியாக ஒரு பக்கக் கடிதம் கொடுத்துவிடுவது நல்லது. "மருத்துவ ஆலோசனை வழங்கப்படாது, மருந்தோ வேறு பொருளோ விற்கப்படாது" என்ற வரியைக் கடிதத்தில் கட்டாயம் சேருங்கள். அந்த ஒரு வரிதான் பின்னால் வரும் பல தொல்லைகளைத் தடுக்கும். முக்கியமாக, "இலவச முகாம்" என்ற பெயரில் சத்து மாவு டப்பாவோடு வருகிறவர்களை.

மூன்றாம் படி: அலமாரியைத் துப்புரவு செய்யுங்கள்

மருத்துவ வரிசையில் இருக்கும் புத்தகங்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை கீழே இறக்கி ஒவ்வொன்றாகப் புரட்டிப் பாருங்கள். பதிப்பாண்டு என்ன? எழுதியவர் யார், என்ன படித்தவர்? புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஏதாவது மருந்துக்கு விளம்பரம் இருக்கிறதா? "முற்றிலும் குணமாகும்" என்று எத்தனை இடத்தில் வருகிறது?

பழைய புத்தகங்களில் எனக்கு அதிகம் பயம் தருவது பாம்புக்கடிப் பகுதி. கடிவாய்க்கு மேலே இறுக்கிக் கட்டு, கத்தியால் கீறு, வாயால் உறிஞ்சு என்றெல்லாம் இன்னும் அச்சில் இருக்கிறது. இவை மூன்றுமே கூடாது. கடிபட்டவரைப் பதறாமல் படுக்க வைத்து, கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து, 108-ஐ அழைத்து, விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோவதுதான் வழி. நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கின் விஷத்துக்கும் சேர்த்து ஒரே மருந்துதான் நம் நாட்டில் கொடுக்கிறார்கள். அதனால் பாம்பை அடித்துத் தூக்கிக்கொண்டு ஓடவும் வேண்டாம். அந்த மருந்து தயாரிக்கத் தேவையான விஷத்தை எடுத்துத் தருகிறவர்களில் முக்கியமானவர்கள் வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்கத்தார். 1978-லிருந்து செய்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் கண்ணை விரித்துக் கேட்பார்கள்.

தப்பான புத்தகத்தை நீங்களாகக் கழித்துக் கட்ட முடியாது. அது அரசுச் சொத்து, அதற்கென நடைமுறை இருக்கிறது. அதுவரை தப்பான பக்கத்தில் ஒரு மஞ்சள் துண்டுச் சீட்டை ஒட்டி, "இந்த முறை இப்போது தவறு என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள், நூலகரைக் கேளுங்கள்" என்று எழுதிவிடுங்கள். வேடிக்கை என்னவென்றால், சீட்டு ஒட்டிய புத்தகத்தைத்தான் எல்லோரும் முதலில் எடுத்துப் பார்க்கிறார்கள்.

புதிதாக வாங்கப் பணம் இல்லையா? பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூலை எடுங்கள். உடல் நலம், நோய்கள் பற்றித் தனிப் பாடமே இருக்கிறது, நல்ல தமிழில், படத்தோடு. கடைகளில் விற்கும் பல மருத்துவக் குறிப்புப் புத்தகங்களை விட நம்பகமானது என்பது என் கருத்து.

நான்காம் படி: சீட்டு படிக்கும் மேசை

இந்த வழிகாட்டியின் உயிர் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். செய்தித்தாள் மேசைக்குப் பக்கத்தில் சின்ன மேசை ஒன்று. அதன் மேல் பூதக்கண்ணாடி (நூல் கட்டி வையுங்கள், இல்லாவிட்டால் காணாமல் போகும்), காலி மாத்திரை அட்டைகள், 5 மில்லி அளவு மூடி, வீட்டுக் கரண்டிகள் இரண்டு மூன்று, காலி ஓ.ஆர்.எஸ். பாக்கெட் (வயிற்றுப்போக்குக்குத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைத் தூள்), பெயரை வெட்டியெடுத்த மாதிரி ரத்தப் பரிசோதனைத் தாள். வாரத்தில் இரண்டு நாள், ஒரு மணி நேரம், வாசகர் வட்டத்து ஆள் ஒருவர் அங்கே உட்கார வேண்டும்.

முதலில் மருந்துச் சீட்டு. 1-0-1 என்றால் காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று. இதைத் தெரியாதவர்கள் இருப்பார்களா என்று நானும் நினைத்தேன். ஒரு அக்கா அதை "நூற்றி ஒன்று" என்று படித்துவிட்டு, மருந்தின் நம்பர் போலிருக்கிறது என்று நினைத்திருந்தார். ஓ.டி. என்றால் நாளுக்கு ஒரு தடவை, பி.டி. இரண்டு, டி.டி.எஸ். மூன்று, எச்.எஸ். படுக்கப் போகும்போது, எஸ்.ஓ.எஸ். தேவைப்பட்டால் மட்டும். இந்த ஐந்தையும் பெரிய எழுத்தில் எழுதி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தோம். அந்தத் தாளைப் படம் எடுத்துக்கொண்டு போகாதவர்கள் குறைவு.

அடுத்து மாத்திரை அட்டை. அதில் இரண்டு பெயர் இருக்கும்: ஒன்று கம்பெனி வைத்த பெயர், இன்னொன்றுதான் மருந்தின் பெயர். டோலோ, கால்பால், குரோசின் மூன்றின் அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மருந்தின் பெயரைப் படிக்கச் சொல்லுங்கள். மூன்றிலும் பாராசிட்டமால். பல சளி மாத்திரைகளிலும் அதே பாராசிட்டமால் ஒளிந்திருக்கும். காய்ச்சலுக்கு ஒன்று, சளிக்கு ஒன்று, உடம்பு வலிக்கு ஒன்று என்று மூன்றையும் போட்டுக்கொண்டால் ஒரே மருந்து மூன்று பங்கு உள்ளே போகிறது. அளவு மிஞ்சினால் கல்லீரல் கெடும். இதைக் கண்ணால் பார்த்த ஒருவர், "அப்ப எனக்கு மூணு பேர் ஒரே சரக்கைத்தான் வித்திருக்கானுங்க" என்றார். அட்டையின் இடது ஓரத்தில் நெடுக்கச் சிவப்புக் கோடு இருந்தால் டாக்டர் சீட்டு இல்லாமல் அதைச் சாப்பிடக் கூடாது. ஆன்டிபயாட்டிக் மருந்துகளை இஷ்டத்துக்கு விழுங்குவதைத் தடுக்க 2016-ல் மத்திய அரசு இந்தக் கோட்டைப் பற்றிப் பிரசாரமே செய்தது. அப்புறம், மாத்திரையைத் தேதி இல்லாத பக்கத்திலிருந்து எடுக்கத் தொடங்கச் சொல்லுங்கள். எங்கள் பெரியவருக்குச் சொன்னது அதுதான்.

இன்சுலின் போடுகிறவர்களுக்குத் தனியாக ஒரு பாடம். குப்பியில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் என்றும் 100 யூனிட் என்றும் இரண்டு வகை உண்டு. 40-க்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100-க்கானதுக்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் அதே கோடு வரை இழுத்தால் இரண்டரை மடங்கு மருந்து ஏறிவிடும். சர்க்கரை தாழ்ந்து ஆள் மயங்கி விழலாம். குப்பியும் சிரிஞ்சும் பொருந்துகிறதா என்று பார்க்க மட்டும் கற்றுக்கொடுங்கள். எத்தனை யூனிட் என்ற பேச்சுக்கே போகாதீர்கள்.

பரிசோதனைத் தாளில் மூன்று இடத்தைக் காட்டினால் போதும்: பெயரும் வயதும் சரியா, எந்தத் தேதியில் ரத்தம் எடுத்தது, வலது பக்கத்தில் "இயல்பு அளவு" எந்தக் கட்டத்தில் இருக்கிறது. வெறும் வயிற்றில் ரத்தச் சர்க்கரை 126 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் நீரிழிவு வரம்பு என்பது அச்சிலேயே இருக்கும், படிக்கலாம். எச்பிஏ1சி என்பதை நம் மக்கள் "மூணு மாச சுகர்" என்கிறார்கள், அழகான பெயர். பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்னாலிருந்து இனிப்பைத் தொடாமல் இருந்துவிட்டு நல்ல பிள்ளையாகப் போய் நிற்பவர்களை இது காட்டிக்கொடுத்துவிடும். சொன்னால் மேசையே சிரிக்கும், சிலர் மட்டும் சிரிக்க மாட்டார்கள்.

ஓ.ஆர்.எஸ். செய்வதை நேரில் செய்து காட்டுங்கள். பெரிய பாக்கெட் என்றால் முழுப் பாக்கெட்டையும் ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரே தடவையில் கரைக்க வேண்டும். 200 மில்லிக்கான சின்ன பாக்கெட்டும் உண்டு, எனவே பாக்கெட்டின் பின்புறம் படிப்பது முக்கியம். அரை டம்ளரில் முழுப் பாக்கெட்டையும் கொட்டிக் குழந்தைக்குப் புகட்டுவதுதான் நாங்கள் அதிகம் கேட்ட தவறு. கடையில் விற்கும் இனிப்புப் பானங்களில் ஓ.ஆர்.எஸ். என்ற பெயர் இருக்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. பழைய டப்பாவைக் கையில் வைத்திருந்தால், அதில் சர்க்கரை எவ்வளவு என்று பிள்ளைகளையே படிக்கச் சொல்லுங்கள்.

ஐந்தாம் படி: தாண்டக் கூடாத கோடு

"இந்த மாத்திரையை நிறுத்திடலாமா?" என்று ஒருநாள் கட்டாயம் கேட்பார்கள். மேசையில் இருப்பவர் வாயில் எப்போதும் தயாராக இருக்க வேண்டிய பதில்: "ஐயா, அதை நான் சொல்லக் கூடாது. இதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுக் காட்டுறேன். டாக்டர்கிட்ட கேக்க வேண்டியதை ஒரு சீட்டுல எழுதித் தர்றேன்." எழுதித் தாருங்கள், மூன்று கேள்விக்கு மேல் வேண்டாம். அந்தச் சீட்டை டாக்டரிடம் நீட்டினால் போதும், வரிசையில் நின்ற பதற்றத்தில் மறந்துபோகாது.

வந்தவர் பெயரைப் பதிவேட்டில் எழுதாதீர்கள். பரிசோதனைத் தாளைப் படித்ததும் மடித்து அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள், படம் எடுக்காதீர்கள். சின்ன ஊரில் ஒருவருக்குக் காசநோய் என்பது மாலைக்குள் டீக்கடைக்குப் போய்விடும். அப்புறம் அந்த மேசைக்கு யாரும் வர மாட்டார்கள். மனக்கலக்கத்தோடு வருகிறவர்களிடம் அறிவுரை சொல்லாமல் 14416 எண்ணை எழுதிக் கொடுங்கள், டெலி மானஸ் மனநல உதவி எண் அது. பொதுவான சந்தேகங்களுக்கு 104.

ஆறாம் படி: நர்சம்மாவை அழைத்து வாருங்கள்

பெரிய டாக்டரை விட கிராம சுகாதார செவிலியரே இந்த வேலைக்குப் பொருத்தம். ஊரில் எந்த வீட்டில் யாருக்கு எத்தனை மாதம் என்று அவருக்குத் தெரியும். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலர்களும் அப்படித்தான்: ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டு போகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலரிடம் அனுமதி கேட்டு, மாதம் ஒரு தடவை அரை மணி நேரம் போதும் என்று சொல்லுங்கள். கர்ப்பத்தைப் பதிவு செய்ததும் கர்ப்பிணிகளுக்குத் தரும் பிக்மி எண் எதற்கு, மகப்பேறு நிதியுதவிக்கு என்ன தாள் வேண்டும், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எங்கே செல்லும் என்பதெல்லாம் அவர் வாயால் வந்தால் ஊர் நம்பும்.

பேச்சுக்குப் பதில் கேள்வி-பதிலாக வையுங்கள். கேள்விகளை முன்கூட்டியே பெயரில்லாமல் ஒரு டப்பாவில் போடச் சொன்னோம். மாதவிடாய், மூலம், வெள்ளைப்படுதல் என்று யாரும் எழுந்து கேட்க முடியாதவைதான் அதில் அதிகம் வந்தன.

ஏழாம் படி: நூலகத்தைப் பெண்களிடம் கொண்டுபோங்கள்

1931-ல் மன்னார்குடிக்குப் பக்கத்தில் மேலவாசலில் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன் தன் ஐந்து நூலக விதிகளைப் புத்தகமாக வெளியிட்டதும் அதே 1931-ல்தான். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்பது அவற்றில் ஒன்று. இப்போது நூலக நண்பர்கள் திட்டத்தில் தன்னார்வலர்கள் வீடு தேடிப் புத்தகம் கொண்டுபோகிறார்கள்.

மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டம், அங்கன்வாடி, நூறு நாள் வேலை நடக்கும் இடம்: இந்த மூன்றில் ஒன்றுக்கு மேசையில் இருக்கும் சாமான்களை ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள். பதினைந்து நிமிடம், ஒரே ஒரு விஷயம். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கு மாத்திரைக் கவரில் சூரியன், நிலா படம் வரைந்து கொடுத்தோம். அவர் பார்த்துவிட்டு, "மதியத்துக்கு என்ன வரைவ?" என்று கேட்டார். ஒரு சாப்பாட்டுத் தட்டு வரைந்தோம்.

எட்டாம் படி: வதந்தி நோட்டு

வாட்ஸ்அப்பில் வந்த உடல்நலச் செய்திகளை எழுதிப் போட ஒரு நோட்டு வையுங்கள். வாரம் ஒரு செய்தியை எடுத்து நூலகக் கணினியில் தேடுங்கள்: யார் சொன்னது, எந்த ஆண்டு, அதே செய்தி அரசு சுகாதாரத் துறைப் பக்கத்தில் இருக்கிறதா, கடைசியில் ஒரு போன் நம்பர் இருக்கிறதா? போன் நம்பர் இருந்தால் அது வியாபாரம், அவ்வளவுதான். நீரிழிவையும் புற்றுநோயையும் குணமாக்குவதாக விளம்பரம் செய்வது 1954-லிருந்தே சட்டப்படி குற்றம் என்பதைச் சுவரில் எழுதி ஒட்டினோம். பேருந்து நிலையத்தில் நோட்டீஸ் கொடுப்பவர் ஒருவர் வந்து, அதை இரண்டு தடவை படித்துவிட்டுப் போனார்.

பாட்டி வைத்தியத்தைக் கிண்டல் செய்யாதீர்கள். சுக்குக் காபியில் யாருக்கும் நஷ்டமில்லை. மாத்திரையை நிறுத்தச் சொல்கிறதா என்ற ஒன்றை மட்டும் பாருங்கள்.

ஒன்பதாம் படி: பருவத்துக்கு ஏற்ற பலகை

கரும்பலகையில் மாதம் ஒரு செய்தி. மழைக்கு முன் டெங்கு: ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும், நல்ல தண்ணீரில் முட்டையிடும், முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும், அதனால் வாரம் ஒரு தடவை தொட்டியைத் தேய்த்துக் கழுவ வேண்டும். சித்திரையில் வெயில். அறுவடைக் காலத்தில் பாம்பு.

பத்தாம் படி: வேலை செய்கிறதா என்று பார்ப்பது

எத்தனை பேர் வந்தார்கள் என்ற கணக்கு அறிக்கைக்கு உதவும், வேறெதற்கும் உதவாது. விளக்கி முடித்ததும், "அக்கா, வீட்டுல போய் மாமாகிட்ட எப்படிச் சொல்லுவீங்க, எனக்குச் சொல்லிக் காட்டுங்க" என்று கேளுங்கள். அவர் சரியாகச் சொன்னால் நீங்கள் சரியாக விளக்கியிருக்கிறீர்கள். தடுமாறினால் தப்பு உங்கள் மேல், இன்னொரு தடவை வேறு மாதிரி சொல்லுங்கள்.

செலவு பெரிதில்லை. பூதக்கண்ணாடி, நோட்டு, அட்டைகள் எல்லாம் சேர்த்து எங்களுக்கு ஐந்நூறு ரூபாய்க்குள் முடிந்தது. 1000 ரூபாய் கொடுத்துப் புரவலராகச் சேர ஊரில் இரண்டு பேரைப் பிடித்தால் நூலகத்துக்கும் நல்லது.

அந்தப் பெரியவர் இப்போதும் காலையில் வருகிறார். போன வாரம் புதிதாக வந்த ஒருவர் மாத்திரை அட்டையை எடுத்ததும், என்னை முந்திக்கொண்டு, "முதல்ல இந்தப் பக்கத்துல இருந்து எடுக்காதய்யா, தேதி போயிரும்" என்றார். நான் பூதக்கண்ணாடியை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.